ரிமோட் பட்டனிலிருந்து கர்னல் வரை: கணினியில் அகச்சிவப்பு சிக்னலை வாங்குவதும் அனுப்புவதும்

டிவி ரிமோட்டின் பட்டனை அழுத்தும்போது அதன் முனையில் இருக்கும் எல்இடி நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகிறது. அந்த மினுக்கலைக் கணினி பார்த்து ‘ஒலியைக் கூட்டு’ என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு வேலை. கணினியே அப்படி ஒரு எல்இடியை எரித்து டிவியை இயக்க வேண்டும் என்பது இன்னொரு வேலை. இரண்டையும் புதிதாகச் செய்து பார்க்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பகுதி லினக்ஸைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் அங்கேதான் ஒவ்வொரு படியையும் திறந்து பார்க்க முடிகிறது. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு பற்றி கடைசியில் சுருக்கமாக.

கட்டளைகளின் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்துதான்.

தொடங்கும் முன் ஒன்று. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் பலரும் மேலிருந்து தேட ஆரம்பிக்கிறார்கள். மீடியா பிளேயரின் அமைப்பை மாற்றுவது, பட்டன் பட்டியலைத் திருத்துவது, அதுவும் சரிவரவில்லை என்றால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. நேர்மாறாகச் செய்யுங்கள். சிக்னல் நான்கு நிலைகளைக் கடந்து வருகிறது: முதலில் வெறும் கால அளவுகள், அப்புறம் நெறிமுறை, அதிலிருந்து ஸ்கேன்கோடு (ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய எண்), கடைசியில் விசைக் குறியீடு (நிரல்களுக்குப் புரியும் விசைப்பலகை விசை). கீழே இருப்பது சரியாக வருகிறது என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனால், எந்தப் பழுதும் சீக்கிரம் பிடிபடும்.

காற்றில் போவது என்ன

ரிமோட் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடும். வெயிலிலும் பல்புகளிலும்கூட இதே ஒளி ஏராளமாக இருக்கிறது. அதிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டத்தான் ரிமோட் அந்த ஒளியை நொடிக்கு 38,000 முறை அணைத்து எரிக்கிறது. இதுதான் 38 கிலோஹெர்ட்ஸ் கேரியர். ரிசீவர் சில்லு அந்த வேகத்தில் துடிப்பதை மட்டும் வடிகட்டி எடுத்து, ‘இப்போது துடிக்கிறது’, ‘இப்போது இல்லை’ என்று இரண்டே நிலைகளாக வெளியே தருகிறது. கேரியர் அங்கேயே உதிர்ந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், அனுப்பும் பகுதியில் இது நம்மைத் தேடி வரும்.

ஆக, கணினிக்கு வந்து சேர்வது மைக்ரோ நொடிக் கணக்கில் எண்களின் வரிசை மட்டுமே. இவ்வளவு நேரம் துடிப்பு, இவ்வளவு நேரம் இடைவெளி, மறுபடி துடிப்பு. இதற்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதுதான் நெறிமுறை.

மிகப் பரவலான என்ஈசி நெறிமுறையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதலில் 9 மில்லி நொடி நீளமான துடிப்பு, பிறகு 4.5 மில்லி நொடி மௌனம். ‘வருகிறேன், தயாராக இரு’ என்று ரிசீவருக்குச் சொல்வது இது. அதன்பின் 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 562.5 மைக்ரோ நொடித் துடிப்போடு தொடங்கும். அதற்குப் பிறகு வரும் இடைவெளியும் அதே அளவாக இருந்தால் 0, மூன்று மடங்காக, அதாவது 1687.5 மைக்ரோ நொடியாக இருந்தால் 1. துடிப்பின் நீளம் மாறுவதே இல்லை. செய்தி முழுவதும் மௌனத்தில்தான் இருக்கிறது.

அந்த 32 பிட்டுகளில் முதல் 8 கருவியின் முகவரி, அடுத்த 8 அதே முகவரி தலைகீழாக (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), அப்புறம் கட்டளை, அப்புறம் கட்டளை தலைகீழாக. பிழை நேர்ந்தால் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு: எந்தப் பட்டனாக இருந்தாலும் 0க்களும் 1களும் பதினாறு பதினாறாகவே வருவதால் சிக்னலின் மொத்த நீளம் எப்போதும் சுமார் 68 மில்லி நொடிதான். பட்டனை அழுத்திப் பிடித்தால் முழுச் செய்தியும் திரும்ப வராது. 9 மில்லி நொடித் துடிப்பு, 2.25 மில்லி நொடி இடைவெளி, ஒரு சிறு துடிப்பு என்று குட்டியான ‘மறுபடியும்’ சிக்னல் சுமார் 108 மில்லி நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். பிலிப்ஸின் ஆர்சி-5, 36 கிலோஹெர்ட்ஸில் 14 பிட்டுகள். ஒரு பிட்டின் பாதி 889 மைக்ரோ நொடி. அழுத்திப் பிடித்ததா, விட்டுவிட்டு மீண்டும் அழுத்தியதா என்று காட்ட அதில் ஒரு ‘டாகிள்’ பிட் உண்டு. அதன் வாரிசு ஆர்சி-6. மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் ரிமோட்டுகள் பேசுவது இதன் ஒரு வகையைத்தான். சோனிக்குத் தனி வழி: 40 கிலோஹெர்ட்ஸ், தொடக்கத் துடிப்பு 2.4 மில்லி நொடி, பிட்டுகள் 12 அல்லது 15 அல்லது 20.

ரிசீவரை இணைத்தல்

வயர் வேலை வேண்டாம் என்றால் யூஎஸ்பியில் செருகும் மீடியா சென்டர் ரிசீவர் போதும். லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் உட்கருவில்) ‘எம்சிஇயூஎஸ்பி’ என்ற டிரைவர் அதற்காகவே இருக்கிறது. செருகினால் வேலை செய்யும். சில மடிக்கணினிகளிலும் மீடியா பெட்டிகளிலும் ரிசீவர் உள்ளேயே இருக்கும், அவற்றுக்கும் டிரைவர்கள் கர்னலில் உண்டு. அப்படியானால் இந்தப் பகுதியின் மீதியைத் தாண்டிவிடலாம்.

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் மூன்று கால் ரிசீவர் ஒன்றை நேரடியாகப் பொருத்துவதுதான் வழக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை. பைக்குள் போகும் எந்தப் பின்னும் 3.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. டிஎஸ்ஓபி 38238 என்ற ரிசீவர் 2.5 முதல் 5.5 வோல்ட் வரை ஏற்கும், எனவே 3.3 வோல்ட்டில் நன்றாக ஓடும். பழைய கட்டுரைகளில் அடிக்கடி வரும் டிஎஸ்ஓபி 1738 அப்படியில்லை, அது 5 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. அதன் வெளியீட்டை அப்படியே பைக்குள் விடாதீர்கள். கால்களின் வரிசையும் வேறு. குமிழ் நம்மைப் பார்த்திருக்க, 38238இல் இடமிருந்து வெளியீடு, தரை (கிரவுண்ட்), மின்சாரம். 1738இல் தரை, மின்சாரம், வெளியீடு. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றை மாட்டினால் ரிசீவர் சூடாகி வீணாகும்.

வெளியீட்டை ஜிபிஐஓ 17இல் (பலகையின் பொதுப் பயன்பாட்டுப் பின்களில் ஒன்று) இணைக்கச் சொல்வேன். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் எண் 18தான், ஆனால் பின்னால் சிக்னல் அனுப்ப அந்த 18 நமக்கு வேண்டும். பலகையில் ஜிபிஐஓ 17 என்பது 11ஆம் பின். 3.3 வோல்ட்டுக்கு 1ஆம் பின், தரைக்கு 6ஆம் பின்.

அடுத்து கர்னலுக்குச் சொல்ல வேண்டும். கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பு பழைய பதிப்புகளில் பூட் கோப்புறையிலும், புதியவற்றில் அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்புறையிலும் இருக்கும். அதில் ஒரு வரி சேருங்கள்: டிடிஓவர்லே=ஜிபிஐஓ-ஐஆர்,ஜிபிஐஓ_பின்=17. சேமித்துவிட்டு மறுதொடக்கம். லிர்க்-ஆர்பிஐ என்ற ஓவர்லேயை (இப்படி கான்ஃபிக்கில் சேர்க்கும் வன்பொருள் குறிப்பை) போடச் சொல்லும் பழைய குறிப்பு எதுவும் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். அது கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பின்பற்றி வருகிறவர்களின் குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை.

திரும்ப வந்ததும் டெவ் கோப்புறையில் லிர்க்0 என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது என்று பொருள்.

முதலில் எண்களைப் பாருங்கள்

இரண்டு கருவிகள் வேண்டும்: ஐஆர்-சிடிஎல், ஐஆர்-கீடேபிள். இரண்டும் வி4எல்-யூடில்ஸ் என்ற திட்டத்தின் பகுதி. சில லினக்ஸ் விநியோகங்களில் இரண்டாவதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். கீழே வரும் கட்டளைகளை எல்லாம் முன்னால் சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள், அனுமதிச் சிக்கல் வராது.

ஐஆர்-சிடிஎல் கட்டளையை ‘-ஆர்’ தெரிவோடு ஓட்டி, ரிமோட்டை ரிசீவருக்கு நேரே காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் இப்படி ஏதோ ஓடும்:

+8993 -4471 +588 -540 +569 -1661 +571 -548 ...

கூட்டல் குறி துடிப்பு, கழித்தல் குறி இடைவெளி, எண்கள் மைக்ரோ நொடி. 9000, 4500 என்று ஏட்டில் படித்தது இங்கே 8993, 4471 என்று கொஞ்சம் முன்னே பின்னே வரும். அது இயல்புதான், நெறிமுறையைப் படிக்கும் நிரல்கள் அந்தத் தளர்வுக்கு இடம் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு எண்களே ரிமோட்டின் இனத்தைச் சொல்லிவிடும். ஒன்பதாயிரமும் நாலாயிரத்து ஐந்நூறும் என்றால் என்ஈசி குடும்பம். 2400, 600 என்றால் சோனி. 2666, 889 என்றால் ஆர்சி-6. நீளமான தொடக்கமே இல்லாமல் 889, 1778 என்று இரண்டு அளவுகள் மட்டும் மாறி மாறி வந்தால் ஆர்சி-5.

எதுவும் வரவில்லையா? ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பேசிக் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே வைத்து பட்டனை அழுத்தினால் எல்இடி வெளிர் ஊதாவாக மினுங்கும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும், அதனால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். ரிமோட் மினுங்கியும் திரையில் ஒன்றும் இல்லை என்றால் வயரிங், இல்லாவிட்டால் கான்ஃபிக் வரியில் பின் எண். ரிமோட்டைத் தொடாமலே எண்கள் கொட்டிக்கொண்டிருந்தால் அறையில் ஏதோ விளக்கு தொந்தரவு செய்கிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், ரிசீவரை வெயில் படாத பக்கம் திருப்புங்கள்.

எண்கள் ஒழுங்காக வரும்வரை அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

நெறிமுறையும் ஸ்கேன்கோடும்

இப்போது ஐஆர்-கீடேபிளை எந்தத் தெரிவும் இல்லாமல் ஓட்டுங்கள். ஆர்சி0 என்று ஒரு கருவி, அதன் டிரைவர், எந்தப் பட்டன் பட்டியல் ஏறியிருக்கிறது, எந்த நெறிமுறைகளை ஏற்கும், அவற்றில் எவை இப்போது இயக்கத்தில் இருக்கின்றன என்று எல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதை ஊன்றிப் படியுங்கள். கர்னலுக்குப் பத்துக்கும் மேற்பட்ட நெறிமுறைகள் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் எப்போதும் ஓட்டாது. ஏறியிருக்கும் பட்டியலுக்குத் தேவையானதை மட்டும்தான் இயக்கி வைக்கும். ராஸ்பெர்ரி பையின் ஓவர்லேயில் தானாக ஏறுவது மீடியா சென்டர் ஆர்சி-6 பட்டியல். உங்கள் கையில் இருப்பது என்ஈசி ரிமோட் என்றால், எண்கள் அழகாக வரும், பட்டன் மட்டும் வரவே வராது. ‘ரிசீவர் கெட்டுவிட்டது’ என்று தூக்கி எறியப்பட்ட எத்தனையோ நல்ல ரிசீவர்களின் கதை இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எனவே ‘-பி ஆல்’ (‘-பி’ புரோட்டோகால் என்ற சொல்லின் முதல் எழுத்து) என்று போட்டு எல்லா நெறிமுறைகளையும் இயக்குங்கள். கூடவே ‘-சி’ போட்டால் பழைய பட்டியல் அழியும், ‘-டி’ போட்டால் சோதனை ஓட்டம் தொடங்கும். (இந்த ‘-டி’ டெஸ்ட் என்ற சொல்லின் முதல் எழுத்து, சிறிய எழுத்து.) பட்டனை அழுத்தினால் எந்த நெறிமுறை, என்ன ஸ்கேன்கோடு என்று ஒரு வரி வரும். ஒரு தாளில் பட்டன் பெயரையும் அதற்கு வந்த எண்ணையும் எழுதிக்கொண்டே போங்கள். நாற்பது பட்டன்களையும் எழுத வேண்டாம், பயன்படப்போகிற பத்துப் பன்னிரண்டு போதும்.

இங்கே வழக்கமாக வரும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இணையத்தில் எல்ஜி டிவியின் பவர் பட்டனுக்கு 20டிஎஃப்10இஎஃப் என்று பதினாறடிமான எண் ஒன்று கிடைக்கும். உங்கள் கர்னலோ 0408 என்று காட்டும். இரண்டும் ஒன்றேதான். என்ஈசியில் கடைசி பிட் முதலில் வருகிறது. பழைய கருவிகள் வந்த வரிசையிலேயே எழுதிவிட்டன, கர்னல் ஒவ்வொரு பைட்டையும் திருப்பிப் போட்டுப் படிக்கிறது. பதினாறடிமான 20ஐ இருமத்தில் எழுதினால் 00100000. அதைத் திருப்பினால் 00000100, அதாவது 04. அதேபோல் 10ஐத் திருப்பினால் 08. நடுவிலும் கடைசியிலும் இருக்கும் டிஎஃப், இஎஃப் இரண்டும் 20, 10 ஆகியவற்றின் தலைகீழ், சரிபார்க்க மட்டுமே. கர்னல் சரிபார்த்துவிட்டு அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

பட்டியல் எழுதுவது

லிப் கோப்புறையில் யூடெவ், அதற்குள் ஆர்சி_கீமேப்ஸ் என்ற கோப்புறையில் நூற்றுக்கு மேற்பட்ட தயார் பட்டியல்கள் இருக்கின்றன. எல்லாம் டாம்எல் வகைக் கோப்புகள், சாதாரண எடிட்டரில் திறக்கலாம். உங்கள் ரிமோட் பேசும் நெறிமுறையிலேயே உள்ள ஒன்றை எடுத்து, ஈடிசி கோப்புறையில் இருக்கும் ஆர்சி_கீமேப்ஸுக்குப் பிரதி எடுத்து, பெயர் மாற்றி, அதைத் திருத்துவதுதான் எளிது. மேலே பெயர், நெறிமுறை, அதன் உட்பிரிவு. கீழே வரிக்கு ஒன்றாக ஸ்கேன்கோடு, சமக்குறி, மேற்கோளுக்குள் விசையின் பெயர். விசைப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில்: கீ_வால்யூம்அப், கீ_ப்ளே, கீ_அப் இப்படி.

கர்னலின் பார்வையில் இந்த ரிமோட் இனி ஒரு விசைப்பலகை. பட்டனை அழுத்தினால் விசைப்பலகையில் அதே விசையைத் தட்டியதுபோல எல்லா நிரல்களுக்கும் போகும். மீடியா பிளேயருக்கு ரிமோட் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு 2010இல் கர்னலுக்குள் வந்தது. அதற்கு முன் லிர்க் என்ற தனித் திட்டம் கர்னலுக்கு வெளியே இருந்து இந்த வேலை முழுவதையும் சுமந்தது. இன்றும் டெவ் கோப்புறையில் லிர்க் என்ற பெயர் நிற்பது அதனால்தான்.

விசைப்பலகை என்பதால் இரண்டு பொறிகளும் கூடவே வருகின்றன. ஒன்று, கீ_பவர். பல விநியோகங்களில் இந்த விசை வந்தால் கணினியே அணைந்துவிடும். படம் பார்க்கும்போது டிவியை அணைக்க அழுத்திய பட்டன் கணினியையும் சேர்த்து அணைத்தால் காரணம் இதுதான். அந்தப் பட்டனைப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள், அல்லது வேறு விசைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது இன்னும் தந்திரமானது. ரிமோட்டில் ‘ஓகே’ பட்டன் இருக்கிறது, விசைப் பட்டியலிலும் கீ_ஓகே இருக்கிறது, அதையே போட்டுவிடுவோம் என்று தோன்றும். சோதனை ஓட்டத்தில் கச்சிதமாக வரும். ஆனால் எக்ஸ்11 (லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் அமைப்பு) திரையில் ஓடும் எந்த நிரலிலும் ஒன்றும் நடக்காது. எக்ஸ்11இன் விசை எண்கள் 255ஓடு முடிந்துவிடுகின்றன, கர்னல் எண்ணோடு அது 8ஐக் கூட்டிக்கொள்ளும். ஆகவே கர்னலில் 247க்கு மேல் எண் கொண்ட விசைகள் அங்கே போய்ச் சேர்வதில்லை. கீ_ஓகேயின் எண் 352. ரிமோட்டுக்கென்று இருக்கும் எண் பட்டன்களான கீ_நியூமரிக் வரிசை 512இல்தான் தொடங்குகிறது. இவற்றுக்குப் பதில் கீ_என்டர், கீ_1, கீ_2 என்று சாதாரண விசைப்பலகைப் பெயர்களைப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பட்டியல் தயாரானதும் ஐஆர்-கீடேபிளில் ‘-சி’, அப்புறம் ‘-டபிள்யூ’ போட்டு உங்கள் கோப்பின் பெயரைத் தாருங்கள். பழையது அழிந்து புதியது ஏறும், கோப்பில் சொன்ன நெறிமுறையும் தானாக இயங்கத் தொடங்கும். இது மறுதொடக்கம் வரைதான். நிலையாக இருக்க ஈடிசியில் ஆர்சி_மேப்ஸ்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்: டிரைவர் பெயர், நட்சத்திரக் குறி, உங்கள் கோப்பின் பெயர். டிரைவர் பெயர் ஜிபிஐஓ ரிசீவருக்கு ஜிபிஐஓ_ஐஆர்_ரெக்வ், யூஎஸ்பி ரிசீவருக்கு எம்சிஇயூஎஸ்பி. சந்தேகம் இருந்தால் ஐஆர்-கீடேபிள் காட்டுவதை அப்படியே எழுதுங்கள்.

அழுத்திப் பிடித்தால் ஒலி தாறுமாறாக ஏறுகிறதா? கர்னல் அரை நொடி பொறுத்துவிட்டு, அதன்பின் 125 மில்லி நொடிக்கு ஒருமுறை விசையைத் திருப்பி அனுப்பும். பெரிய எழுத்து ‘-டி’ அந்தப் பொறுக்கும் நேரத்தையும் (டிலே என்பதன் முதல் எழுத்து), பெரிய எழுத்து ‘-பி’ அந்த இடைவெளியையும் (பீரியட் என்பதன் முதல் எழுத்து) மாற்றும்.

அனுப்புவது

வாங்கும்போது கர்னல் நமக்காக எவ்வளவோ செய்கிறது. அனுப்பும்போது முழுக்க முழுக்கக் காலக் கணக்கு, கொஞ்சம் தவறினாலும் டிவி கண்டுகொள்ளாது.

யூஎஸ்பி மீடியா சென்டர் ரிசீவர்கள் பலவற்றில் அனுப்பவும் வசதி உண்டு. பின்னால் சின்ன ஜாக் இருந்தால் அதில் எல்இடி வயரைச் செருகலாம். ராஸ்பெர்ரி பையில் நாமே சிறு சுற்று கட்ட வேண்டும். எல்இடியை நேராகப் பின்னில் மாட்டாதீர்கள். ஒரு பின் 16 மில்லி ஆம்பியருக்கு மேல் தரக்கூடாது, அறையைக் கடக்க எல்இடிக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து 47 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடி, அதிலிருந்து 2என்2222 போன்ற என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் தரைக்கு. ஜிபிஐஓ 18இலிருந்து 470 ஓம் வழியாக பேஸுக்கு. இதில் எல்இடி வழியாக எழுபது மில்லி ஆம்பியர் அளவுக்குப் போகும். துடித்துத் துடித்து எரிவதால் சாதாரண ரிமோட் எல்இடி இதைத் தாங்கும், ஆனால் பின்னைத் தொடர்ந்து எரிய விட்டு வைக்காதீர்கள்.

கான்ஃபிக்கில் இரண்டு ஓவர்லேக்கள் உண்டு: ஜிபிஐஓ-ஐஆர்-டிஎக்ஸ், பிடபிள்யூஎம்-ஐஆர்-டிஎக்ஸ். இரண்டாவதையே போடுங்கள். 38 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சிக்கு 26 மைக்ரோ நொடிதான். முதல் டிரைவரில் ஒவ்வொரு சுழற்சியிலும் பின்னை ஏற்றி இறக்குவது பிராசசர். நடுவே வேறு வேலை குறுக்கிட்டால் தாளம் தப்பும். இரண்டாவதில் அந்தத் துடிப்பை வன்பொருளே செய்துகொள்ளும், பிராசசர் எப்போது தொடங்கு, எப்போது நிறுத்து என்று மட்டும் சொன்னால் போதும். ஒரு குறை: பலகையின் அனலாக் ஒலி வெளியீடும் இதே வன்பொருளைத்தான் பயன்படுத்துகிறது. ஹெட்போன் ஜாக்கில் பாட்டும் ரிமோட்டும் ஒருசேர வேண்டும் என்றால் மோதும். எச்டிஎம்ஐ வழியாக ஒலி கேட்பவர்களுக்குக் கவலையில்லை.

இப்போது லிர்க்0, லிர்க்1 என இரண்டு கருவிகள் இருக்கும். எது எது என்பது மறுதொடக்கத்தில் மாறக்கூடும். ஐஆர்-சிடிஎல்லில் சிறிய ‘-டி’ (இங்கே டிவைஸ் என்பதன் முதல் எழுத்து) போட்டுக் கருவியின் பெயரைத் தந்து, கூடவே சிறிய ‘-எஃப்’ போட்டால் அது வாங்குமா அனுப்புமா என்று பார்க்கலாம்.

அனுப்ப மூன்று வழிகள். ஸ்கேன்கோடு தெரிந்தால் பெரிய எழுத்து ‘-எஸ்’ போட்டு நெறிமுறை, முக்காற்புள்ளி, எண். எல்ஜி பவருக்கு என்ஈசி:0எக்ஸ்0408. நெறிமுறைக்கு ஏற்ற கேரியரையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் எழுதிய பட்டியல் கோப்பையே திருப்பிப் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். சிறிய ‘-கே’ போட்டுக் கோப்பையும், பெரிய ‘-கே’ போட்டு விசைப் பெயரையும் தந்தால், ‘கீ_வால்யூம்அப்’ என்று எழுதினாலே சிக்னல் போகும்.

நெறிமுறை என்னவென்றே கர்னலுக்குத் தெரியாதபோது மூன்றாவது: எண்களை அப்படியே பதிந்து அப்படியே அனுப்புவது. ‘-ஆர்’ தந்த வரிசையைக் கோப்பில் சேமித்து, சிறிய ‘-எஸ்’ போட்டு அதைத் தந்தால் போகும். இங்கேதான் முன்பு சொன்ன கேரியர் வருகிறது. ரிசீவர் அதை உதிர்த்துவிட்டதால் பதிவில் அது இருக்காது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 38 கிலோஹெர்ட்ஸில் போகும். சோனி கருவிக்கு 40000, பிலிப்ஸுக்கு 36000 என்று சிறிய ‘-சி’ போட்டு நாமே சொல்ல வேண்டும். பக்கத்தில் வைத்தால் கருவி கேட்கிறது, நாலடி தள்ளினால் கேட்கவில்லை என்றால் கேரியர் பொருந்தவில்லையா என்று முதலில் பாருங்கள். ரிசீவரின் வடிகட்டி கொஞ்சம் விலகிய துடிப்பையும் ஏற்கும், ஆனால் கூர்மை குறைந்துவிடும்.

ஏசி ரிமோட் மட்டும் வேறு சாதி

டிவி ரிமோட் ‘ஒலியைக் கூட்டு’ என்று சொல்லும். ஏசி ரிமோட் அப்படிப் பேசாது. வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால்கூட ‘இயங்கு, குளிர்வி, 25 டிகிரி, காற்று நடுத்தரம், இறக்கை அசையட்டும்’ என்று தன் திரையில் இருக்கும் முழு நிலையையும் ஒரே மூச்சில் அனுப்பும். அதனால் ‘வெப்பம் கூட்டும் பட்டன்’ என்று ஒரு ஸ்கேன்கோடு அங்கே கிடையாது. ஐஆர்-கீடேபிளில் ஒன்றும் வராது, வந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாக வரும்.

நடைமுறையில் சுலபம் இதுதான்: உங்களுக்கு வேண்டிய நாலைந்து நிலைகளை மட்டும் முடிவு செய்யுங்கள். 24 டிகிரி குளிர், 27 டிகிரி குளிர், நிறுத்தம். ரிமோட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்து, அங்கே கொண்டுசேர்த்த கடைசி அழுத்தத்தை ‘-ஆர்’ மூலம் பதிந்து, தனித்தனிக் கோப்பாக வையுங்கள். சிக்னல் நீளமானது, நடுவில் பெரிய இடைவெளிகளும் இருக்கலாம். பதிவு பாதியில் வெட்டுப்பட்டதா என்று பார்க்க, ஒரே நிலையை இரண்டு முறை பதிந்து எண்களின் எண்ணிக்கை ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

பழைய லிர்க் நிரல் இன்னும் வேண்டுமா? கர்னலுக்குத் தெரியாத ரிமோட்டைப் பட்டன் பட்டனாகப் பழக்க அதன் ஐஆர்ரெக்கார்ட் உதவும். மற்றபடி புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரே அழுத்தம் இரண்டு முறை பதிவாகிற தொல்லை வரும்.

மற்ற இயங்குதளங்கள்

விண்டோஸ் மீடியா சென்டர் காலத்தில் ரிமோட்டை நன்றாகவே கவனித்துக்கொண்டது. ஆர்சி-6 ரிமோட்டை அதுவும் விசைப்பலகை போன்ற உள்ளீட்டுக் கருவியாகவே நிரல்களுக்குக் காட்டுகிறது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் மீடியா சென்டர் இல்லை, அதனால் வேறு ரிமோட் வேண்டும் என்றால் ரிசீவரோடு வரும் தனி மென்பொருளைத்தான் நம்ப வேண்டும். ஆப்பிள் 2005இல் தன் சின்ன வெள்ளை ரிமோட்டோடு ஐமேக்கில் ரிசீவரைக் கொண்டுவந்தது. புதிய மேக்குகளில் அது இல்லை.

ஆண்ட்ராய்டு இதற்கு நேர் எதிர், அனுப்ப மட்டும்தான் வழி தருகிறது. 2013இல் வந்த 4.4ஆம் பதிப்பிலிருந்து கன்ஸ்யூமர்ஐஆர்மேனேஜர் என்ற வகுப்பு இருக்கிறது. கைப்பேசியில் எல்இடி உண்டா என்று கேட்கலாம், எந்தெந்த கேரியர் முடியும் என்று கேட்கலாம், டிரான்ஸ்மிட் என்று அழைத்து அனுப்பலாம். அதற்கு டிரான்ஸ்மிட்_ஐஆர் அனுமதியை செயலியின் மேனிஃபெஸ்டில் எழுத வேண்டும். நெறிமுறை எதுவும் அதற்குத் தெரியாது. கேரியரை ஹெர்ட்ஸில் ஒரு எண்ணாகவும், எரி, அணை, எரி, அணை என்று மைக்ரோ நொடி அளவுகளை ஒரு வரிசையாகவும் கேட்கும், மொத்தம் இரண்டு நொடியைத் தாண்டக்கூடாது.

அந்த வரிசையை எங்கே தேடுவது என்றால், லினக்ஸில் ஐஆர்-சிடிஎல் கொண்டு பதிந்து வைத்தோமே, அதே கோப்புதான். கூட்டல் கழித்தல் குறிகளையும் கடைசியில் வரும் டைம்அவுட் குறிப்பையும் நீக்கி, இடையில் காற்புள்ளி போட்டு ஒட்டுங்கள். முன்னால் 38000 என்று கேரியரைக் கொடுங்கள். ஏசியின் நீளமான பதிவும் இப்படியே போகும்.